ஆறு மணிக்கு வந்த களவாணி

எங்கள் மாமு சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை நம்பலாம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அந்தக் கணக்கும் அவர் நோன்பு வைத்திருக்கிற நாட்களுக்குத்தான் செல்லும் என்பார் அத்தா.

அத்தா என்றால் அப்பா. மாமு என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கம்பத்தில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை வைத்திருந்தார். குமுளி மலைப்பாதையில் பைக்கை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கியபோது பக்கத்தில் ஒரு சிறுத்தையும் வந்து ஒதுங்கியது என்று சத்தியம் செய்வார். காட்டு யானை ஒன்று தன் பைக்குக்கு வழி விட்டுத் தும்பிக்கையைத் தூக்கியது என்பார். "அளக்குறதுக்கும் ஒரு அளவு வேணும்டா தம்பி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். யாருக்கும் அதில் நஷ்டமில்லை.

இந்த மனிதருக்குப் பறவைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. சரக்கு எடுக்க மதுரைக்குப் போனவர், சரக்கோடு ஒரு பழைய கேமராவையும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தொழுகை, ஞாயிற்றுக்கிழமை பறவை என்று ஆகிவிட்டது. பிவிசி பைப்பை அறுத்து ஒட்டி அவரே ஸ்டாண்டு செய்தார். கடையில் விற்கிற பச்சை வலையில் ஒரு துண்டை வெட்டித் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு வயல் வரப்பில் உட்கார்ந்திருப்பார். நாற்று நட வந்த பெண்கள் பேய் என்று அலறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதைச் சொன்னது மாமு இல்லை, அந்தப் பெண்களே சொன்னார்கள். ஆகவே நம்பலாம்.

அவருக்குக் கூட்டாளி நான். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சுருளிப்பட்டிப் பக்கம் அத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தகரத்தைத் தட்டிக் குருவி விரட்டுவது என் வேலை. ஒரு கையால் விரட்டிக்கொண்டே, மறு கையால் மாமுவுக்கு "அந்தா, அந்தா" என்று காட்டிக்கொடுப்பேன். இப்படி ஒரு வேலைக்காரி யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று அத்தா சொன்னதில் நியாயம் உண்டு.

மாமுவுக்குப் பறவைகளின் இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாது. எல்லாவற்றையும் தமிழ்ப் பேரிலேயே படித்து வைத்திருந்தார். அதில் ஒன்றின் மேல் அவருக்குத் தீராத ஆசை. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, வெயில் ஏறியதும் திரும்பிப் போகிற குருவி அது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசில் அடிக்கும். அதனால் ஆறுமணிக்குருவி என்று ஒரு பேர். புதரை விட்டு வெளியே வராமல் ஒளிந்தே திரிவதால் தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பேர். மாமுவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் ஊர் வாய்க்கு அது களவாணி. எனவே அவரும் "களவாணி" என்றே செல்லமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை கூத்துக்கும் அந்தச் செல்லம்தான் காரணம்.

முந்தின வருஷமே நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டோம். எங்கள் தோட்டத்து ஓரத்தில் ஒரு வாய்க்கால். அதன் கரையில் புங்க மரமும் உண்ணிச்செடியுமாக ஆள் நுழைய முடியாத புதர். அதற்குள்ளிருந்து குதித்து வந்து, சருகைப் புரட்டிவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தது. முதுகு பச்சை, தோளில் நீலம், நெஞ்சு சந்தன மஞ்சள், கண்ணுக்கு மை போட்ட மாதிரி ஒரு கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் ரத்தச் சிவப்பு. மாமு கேமராவைத் தூக்குவதற்குள் போய்விட்டது. நாங்கள் இருவரும் வாயைப் பிளந்தபடி நின்றோம்.

குமுளியில் ஒரு ரிட்டயர் ஆன மலையாள வாத்தியார் இருந்தார். எல்லாரும் அவரை மாஷ் என்பார்கள். மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருந்த பறவைக்காரர்கள் எல்லாரும் செல்போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்கு அவர்தான் நாட்டாமை. மாமு பார்த்ததைச் சொன்னதும் மாஷ் ஒரே வரி போட்டார்: "படம் எவிடே ராவுத்தரே?" அவ்வளவுதான். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். திராட்சைப் பந்தலில் மயில் காய்க்கிறதா என்று ஒருவர் கேட்டார், டைனோசர் வந்தால் தகவல் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர்.

புலி வருது கதைதான். மனிதர் வாழ்நாளில் அளக்காமல் சொன்னது அந்த ஒன்றைத்தான், அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. எப்போதும் கூடச் சேர்ந்து சிரிக்கிற மாமு அந்தத் தடவை சிரிக்கவில்லை. "புள்ளையும் பாத்துச்சுக்கா" என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். "அது காக்காயப் பாத்தாலும் மயிலுங்கும்" என்று அம்மா என்னையும் சேர்த்து ஒதுக்கிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருஷம் பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புதருக்குள் விசில் மறுபடி கேட்டது. மாமு வாரா வாரம் வந்து காத்துக் கிடந்தார். சத்தம் வந்தது, ஆள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் திராட்சைக் களவு தொடங்கியது. விடிந்து பார்த்தால் ஒரு பந்தலில் பாதிக் குலையைக் காணோம். களவாணிகள் வாய்க்கால் புதர் வழியாகத்தான் நுழைகிறார்கள் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் அத்தா பொக்லைன்காரருக்குப் போன் போட்டு, மறுநாள் வந்து புதரை வேரோடு வழித்துப் போடச் சொல்லிவிட்டார்.

மாமு கடையைப் பூட்டாமலேயே ஓடி வந்தார்.

"மச்சான், அதுக்குள்ளதான் அந்தக் குருவி இருக்கு. அத வழிச்சிட்டீகன்னா அதுக்குப் போக்கிடமே இல்ல."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"வேற யாரு?"

மாமு என்னைப் பார்த்தார். அத்தாவும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, ஒன்னு செய்யி. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள படத்தக் கொண்டாந்து காட்டு. பொக்லைன நிப்பாட்டிர்றேன். அப்படி ஒரு குருவி எந்தோட்டத்துல இருந்தா நானே அதுக்குக் காவல் இருக்கேன், போ."

படம் வராது என்ற தைரியத்தில் சொன்னதுதான். ஆனால் அத்தா வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் மாறாது. மாமுவின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

அந்த வேகத்தில் அவர் நேரே டீக்கடைக்குப் போய், தன் சிநேகிதர் ஒருவருக்குப் போன் போட்டார். மாமு போனில் பேசினால் அந்தப் பக்கத்து ஆளுக்குப் போனே தேவையில்லை. "இன்னைக்குக் களவாணி சிக்கிருவான்! மச்சான் தோட்டத்துலதான் இருக்கான். வாய்க்காப் புதருக்குள்ள பதுங்கிக் கெடக்கான். ஆறு மணிக்கு டான்னு வந்து ரெண்டு விசில் குடுப்பான். தலைய நீட்டுனான்னு வையி, ஒரே அமுக்கு!"

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், தன் முதலாளியிடம் மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறார். களவாணி வருகிற நேரம், இடம், விசில் முதற்கொண்டு பைப்புக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். இவருக்கும் அதில் பங்கு இருக்குமோ என்றும் யோசித்திருக்கிறார்கள். அத்தாவிடம் சொன்னால் மச்சினர் காதுக்குப் போய்விடும் என்று அவரிடம் மூச்சு விடவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

சாயங்காலம் நானும் மாமுவும் பந்தலுக்கு அடியில் போய் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடும். வானத்தில் வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். மாமு பச்சை வலையைப் போர்த்திக்கொண்டு ஸ்டாண்டில் கேமராவை வைத்துப் புதரைப் பார்த்துக் குறி வைத்தார். நான் பக்கத்துக் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். கொசு பிய்த்தெடுத்தது. மாமு அதைக்கூட விரட்டாமல் கேமராவில் கண்ணை வைத்திருந்தார்.

புதருக்குள்ளிருந்து விசில் வந்தது. தெளிவாக, இரண்டு சுரம்.

வலைக்குள் மாமு மெல்ல அசைந்தார். அவ்வளவுதான், பந்தலின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் பாய்ந்தார்கள். "பிடிறா அவன!" என்று ஒரு குரல். கம்பு ஒன்று தூணில் பட்டுத் தெறித்தது. ஸ்டாண்டு சாய்ந்து கேமரா என் மடியில் வந்து விழுந்தது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. மாமு கத்தவில்லை, அது நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து முதலாளியை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன், நல்ல கனமான மனிதர். அவர் மாமுவின் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்தே விட்டார்.

காவல்காரர் வலையை விலக்கிப் பார்த்தார்.

"ஏலே, இது பைப்புக்கடைக்காரகல்ல?"

"அப்ப நீதானாடா களவாணி?" என்றார் மேலே உட்கார்ந்திருந்த பெரியப்பா.

மாமு முகமெல்லாம் மண். அந்த மண்ணோடு உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீக. ஒங்க கால்ல விழுறேன், சத்தம் மட்டும் போடாதீக. களவாணி அந்தா உள்ள இருக்கான்."

அதைக் கேட்டதும் எல்லாரும் கம்போடு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு மோட்டார் ரூமிலிருந்து ஓடி வந்த அத்தாவையும் காவல்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். புதரில் ஓர் அசைவும் இல்லை. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் கெட்டது, இனி எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

மறுபடி விசில்.

"கூட்டாளிக்குச் சாடை காட்டுறான்யா" என்று காவல்காரர் முணுமுணுத்தார்.

சருகு சரசரத்தது. கம்பைப் பிடித்த கைகள் இறுகின. புதரின் அடியிலிருந்து களவாணி வெளியே வந்தான். ஒரு சாண் உயரம்கூட இல்லை.

அது தத்தித் தத்தி வந்து ஒரு சருகைப் புரட்டியது, புழுவை எடுத்து விழுங்கியது, வாய்க்கால் கல்லின் மேல் ஏறி நின்றது. மாமுவால் எழ முடியவில்லை; பெரியப்பா குருவியைப் பார்த்த மயக்கத்தில் எழுந்திருக்க மறந்துவிட்டார். மாமு தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"மருமகளே, நீ எடு."

கேமரா கனத்தது, லென்ஸ் கீழே கீழே இறங்கியது. வேறு வழியில்லாமல் லென்ஸைப் பெரியப்பாவின் தோளில் வைத்தேன். அவர் சிலையாகிவிட்டார். கீழேயிருந்து மாமுவின் குரல் காற்றுப் போல வந்தது: "பாதி அமுக்கு. சின்னதா ஒரு சத்தம் கேக்கும். கேட்டுச்சா? அவன் கண்ணப் பாரு. கண்ண மட்டும் பாரு. மூச்ச நிறுத்து. இப்பக் குடு."

குருவி தலையை அண்ணாந்து விசில் அடித்தது. நான் அமுக்கினேன்.

ஒரு தடவைதான். அடுத்த நொடி அது புதருக்குள் போய்விட்டது. பெரியப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டு எழுந்தார். மாமு மண்ணைக்கூடத் தட்டாமல் தவழ்ந்து வந்து கேமராவைப் பார்த்தார். பார்த்தவர், "யா அல்லாஹ்" என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பந்தல் இடிக்கிறது என்றும் பாராமல் குதித்தார். என் தலையில் திராட்சைக் குலை மோதியது. மாமுவின் சட்டை முதுகோடு கிழிந்திருந்தது, முழங்கையில் ரத்தம். அப்படிச் சிரித்த ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கம்போடு வந்தவர்கள் எல்லாரும் கம்பைக் கீழே போட்டுவிட்டு வரிசையாகக் கேமராவைப் பார்த்தார்கள். திறந்த அலகு, மை போட்ட கண், மஞ்சள் நெஞ்சு, பின்னால் மங்கலாகப் புதர். அவ்வளவு பெரிய பறவையாக அது திரையில் நின்றது.

"இதுவா களவாணி? எம்புட்டுத் திராட்சை திங்கும்?"

"இது திராட்சையத் தொடாதுங்க. புழு பூச்சிதான்."

"பெறகு என்ன மயித்துக்கு அதுக்குக் களவாணின்னு பேரு வச்சீக? எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்று காவல்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அவர் கோபத்தைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அத்தா கடைசியாக வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம தோட்டமா?" என்று மெல்லக் கேட்டார். பிறகு அவரே விரலால் தொட்டு, "அந்தா, நம்ம வாய்க்கா கல்லு" என்றார். செல்போனை எடுத்துப் பொக்லைன்காரரிடம், "நாளைக்கு வர வேணாம்பா. இனிமே வர வேணாம்" என்றார். எனக்கு அந்த நிமிஷம் ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டு எல்லாரும் கலைந்தபோது பெரியப்பா என்னிடம், "ஏ புள்ள, எந்தோள்ல வச்சுத்தான் எடுத்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா கிழிந்த சட்டையைப் பார்த்து, "எந்தம்பிய அடிச்சவுக யாரு?" என்று வரிந்துகட்டினாள். படத்தைப் பார்த்ததும் அவளும் அடங்கிவிட்டாள். அத்தா சொன்ன சொல்லுக்காக, வெயில் ஏறிக் குருவி வடக்கே திரும்பும்வரை தினமும் சாயங்காலம் வாய்க்கால் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதனாலோ என்னவோ, நிஜக் களவாணிகளும் அந்தப் பக்கம் வரவில்லை.

மாமு அன்றைக்கே படத்தைக் குழுவில் போட்டார். கீழே, "எடுத்தது என் அக்கா மகள்" என்று எழுதினார். போனில் பாராட்டு வந்து குவிந்தது. ஆனால் நான் எடுத்ததாக ஒருவரும் நம்பவில்லை. எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு அடக்கம் என்று மாமுவைத்தான் கொண்டாடினார்கள். மாமு விடாமல் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார்: இல்லை, அவள்தான் எடுத்தாள், நான் கீழே கிடந்தேன்.

"நீதான் எடுத்தேன்னு போட்டா என்னடா கொறஞ்சுபோச்சு? புள்ள என்ன கேக்கவா போகுது?" என்றார் அத்தா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு வருஷமாகக் கேலி பட்டது மாமு, கேமரா அவருடையது, அடி வாங்கியதும் அவர்தான். நானே அவரிடம் போய், "மாமு, நீங்களே எடுத்ததாச் சொல்லிக்கங்க, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் என் காதைத் திருகிவிட்டுப் போனார். சிறுத்தையையும் யானையையும் அவ்வளவு சுலபமாக அளக்கிறவர் இந்தச் சின்னப் பொய்க்கு ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் மாஷ் குமுளியிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பலாக்காய் வறுவல் பொட்டலம். அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு மாமுவைப் பார்த்து, "ராவுத்தரே, சத்தியம் பறையணும். படம் ஆரு எடுத்தது?" என்றார்.

"எம் மருமக" என்றார் மாமு.

மாஷ் என் பக்கம் திரும்பினார். "மோளே, லென்ஸ் இத்தனை கனமாச்சே. எங்க வச்சு எடுத்தே?"

"பெரியப்பா தோள்ல. பெரியப்பா மாமு மேல உக்காந்திருந்தாக."

மாஷ் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, எழுந்து வந்து, பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பது போல என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் என் கையை விடாமலே மாமுவிடம் சொன்னார்:

"படத்தைக் கையில வச்சிட்டும் பொய் பறையாத ஆளு, படம் இல்லாதப்போ எதுக்குப் பொய் பறையணும்? போன வருஷம் நீ கண்டதும் சத்தியம்தான் ராவுத்தரே."

மாமு சட்டென்று எழுந்து, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். எங்கள் வீட்டில் அவர் அதுவரை ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தபோது, குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

ஜெயித்த வீட்டில் யாராவது அழுவார்களா? தின்ற பலாக்காய் வறுவலின் காரம்தான் மாமு கண்ணைச் சிவக்க வைத்திருக்கும், காரத்தை அள்ளிப் போட்ட ஆளைத் திட்டாமல் அம்மா ஏன் சும்மா நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, குலுக்கிய கையை எல்லாருக்கும் காட்டுவதற்காக நான் தெருவுக்கு ஓடினேன்.